ஒட்டுப்படத்துக்கு அடியில்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மானிய எஃகுத் தலைக்கவசம் ஒன்று ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கனக்கும். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படைச் சின்னம் ஒரு கிராம்கூட இராது. ஆனால் ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது அந்தச் சின்னம்தான். சின்னமே இல்லாத கவசத்துக்கு ஒரு விலை. தரைப்படையின் கழுகு இருந்தால் அதற்கு மேல். எஸ்.எஸ். படையின் இரட்டை ரூன் எழுத்து இருந்தால் பல மடங்கு. எஃகும் ஆலையும் அச்சும் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபாடு தாளைவிட மெல்லிய ஓர் ஒட்டுப்படத்தில் இருக்கிறது.

ஆகவே கைதேர்ந்த போலிக்காரர் எஃகைச் செய்வதில் நேரம் செலவிடுவதில்லை. போர் முடிந்தபோது ஐரோப்பா முழுவதும் அசல் கவசங்கள் இறைந்து கிடந்தன. நார்வே, ஜெர்மானியர் விட்டுச்சென்ற கவசங்களைப் புதுப் பூச்சுடன் தன் வீரர்களுக்கே கொடுத்தது. பின்லாந்து போரின்போதே ஜெர்மனியிடம் கவசங்களைப் பெற்றிருந்தது. இவை பின்னாளில் கிடங்குகளிலிருந்து மலிவாகச் சந்தைக்கு வந்தன. அப்படிப்பட்ட ஓர் அசல் கவசத்தை வாங்கி, மேலே புதிதாக ஒரு சின்னத்தை ஒட்டி, தேய்த்து, அழுக்காக்கி விற்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

அதனால் "இது அசலா?" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. எஃகு எப்போது அழுத்தப்பட்டது, பூச்சு எப்போது பூசப்பட்டது, சின்னம் எப்போது ஒட்டப்பட்டது, உள்ளே இருக்கும் தோல் எப்போது பொருத்தப்பட்டது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நான்குக்கும் வெவ்வேறு விடை வரலாம். அந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் கவசத்தை மதிப்பிடும் வேலை.

இதற்கு வழிகாட்டும் விதி புவியியலிலிருந்து வருகிறது. 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் அறிஞர், கலைக்கப்படாத பாறை அடுக்குகளில் கீழே உள்ளது மூத்தது, மேலே உள்ளது இளையது என்று எழுதினார். ஓர் அடுக்கை வெட்டிச்செல்லும் பிளவு அந்த அடுக்கைவிட இளையது என்பதும் அதே வழிச் சிந்தனைதான். மலைகளுக்கு அவர் பொருத்திய அந்தத் தர்க்கத்தை, மில்லிமீட்டரில் சிறு பங்கு தடிமனுள்ள பூச்சுகளுக்கு நாம் பொருத்தப்போகிறோம். ஒரு கீறல் சின்னத்தையும் பூச்சையும் சேர்த்துக் கிழித்திருந்தால், கீறலுக்கு முன்பே இரண்டும் இருந்தன. கீறல் சின்னத்தின் ஓரத்தில் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தால், கீறல் விழுந்த பிறகுதான் சின்னம் வந்திருக்கிறது. ஒரு போர்வீரன் தலையில் சுமந்து அடிபட்ட கவசத்துக்கு, அடிபட்டபின் புதுச் சின்னம் ஏன் வந்தது? இதற்கு நேர்மையான விடை சில வேளைகளில் உண்டு. பெரும்பாலும் இராது.

அடுக்குகளைப் படிக்கும் முன், அடியில் இருக்கும் எஃகைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மானியக் காலாட்படை அணிந்தது உச்சியில் கூர்முனை கொண்ட தோல் கவசம்; பிக்கெல்ஹௌபே என்று பெயர். பிரஷ்ய மன்னர் நான்காம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் 1842-இல் அறிமுகம் செய்தது. பீரங்கிக் குண்டின் சில்லுகள் மழையாய்ப் பொழியும் பதுங்குகுழிப் போரில் அது தலையைக் காக்கவில்லை. மிகச் சிறிய சில்லுகள்கூட மண்டையோட்டைத் துளைத்து உள்ளே தங்குவதை அறுவை மருத்துவர் ஔகுஸ்ட் பீர் கண்டார். அவரும் ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியின் ஃப்ரீட்ரிக் ஷ்வேர்டும் எஃகுக் கவசம் வேண்டும் என்று வலியுறுத்த, ஷ்வேர்ட் வடிவமைத்தார். 1915 இறுதியில் கும்மர்ஸ்டார்ஃப் சோதனைத் தளத்தில் சோதிக்கப்பட்டு, 1916 தொடக்கத்தில் வெர்டன் போர்முனைக்குப் போய்ச்சேர்ந்தது. ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் உள்ள தாலே என்ற ஊரின் இரும்பாலை முதலில் செய்து கொடுத்தது.

நெற்றியை மறைத்து, காதையும் பிடரியையும் தழுவி இறங்கும் அந்த ஆழமான வடிவம் எளிதில் வந்ததன்று. ஆங்கிலேயரின் பிராடி கவசம் தட்டையானது. மாங்கனீசு எஃகுத் தகட்டை அழுத்தினால் கிடைத்துவிடும். ஜெர்மானிய வடிவத்துக்குச் சிலிக்கானும் நிக்கலும் கலந்த எஃகைச் சூடாக்கி, பல கட்டங்களில் அழுத்தி, பின்பு கடினமாக்க வேண்டியிருந்தது. அளவுக்கேற்ப எடை ஏறத்தாழ ஒரு கிலோவிலிருந்து 1.4 கிலோ வரை. இந்தச் சிரமம்தான் இன்று நமக்கு உதவுகிறது. திரைப்படங்களுக்கும் போர் நடிப்புக் குழுக்களுக்கும் இன்று இந்தியாவிலும் சீனாவிலும் செய்யப்படும் நகல்கள் பெரும்பாலும் மென்எஃகுத் தகட்டைக் குளிர்நிலையில் அழுத்தி வருபவை. எடை குறையும், வளைவுகள் மழுங்கும், முன்விளிம்பு பக்கவாட்டில் திரும்பும் இடத்தில் கோடு தெளிவாக விழாது. அசல் ஒன்றைக் கையில் ஏந்திப் பழகியவருக்கு இந்த வேறுபாடு புரிந்துவிடும். அருங்காட்சியகத்திலோ நம்பகமான சேகரிப்பாளரிடமோ அசல் கவசங்களைக் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு எதையும் தவறவிடாதீர்கள். நூறு படங்கள் தராத அறிவை அது தரும்.

1916 மாதிரியின் பக்கங்களில் கொம்புபோல நீட்டியிருக்கும் இரண்டு குமிழ்கள் காற்றுத் துளைகள். நெற்றிக்குமேல் மாட்டும் கூடுதல் கவசத் தகட்டைத் தாங்கவும் அவை பயன்பட்டன. 1918 மாதிரியில் தாடை வார் எஃகிலிருந்து உள்ளுறைக்கு இடம் மாறியது. 1935-இல் வந்த புதிய மாதிரி சிறியது, விளிம்பு குட்டையானது. காற்றுத் துளையில் தனியாகச் செய்த சிறு குழல் ஆணி பொருத்தப்பட்டிருக்கும். விளிம்பு உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும். 1940-இல் அந்தக் குழல் ஆணியைக் கைவிட்டு, துளையின் உதட்டை எஃகிலேயே அழுத்தி உருவாக்கினார்கள். 1942-இல் விளிம்பு மடிப்பையும் கைவிட்டார்கள். போர் நீள நீள ஒவ்வொரு மாற்றமும் ஒரு வேலையைக் குறைத்தது, உற்பத்தி விரைந்தது. சேகரிப்பாளருக்கு இது இயற்கையாக அமைந்த காலக்கணிப்பு. விளிம்பைத் தடவிப் பார்த்து, காற்றுத் துளையை உற்றுப் பார்த்தாலே, இந்த எஃகு எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று சொல்லிவிடலாம்.

இதோடு படையின் ஆணைகளைச் சேர்த்துப் பாருங்கள். தரைப்படைக் கவசத்தில் இடப்பக்கம் கழுகும், வலப்பக்கம் கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கேடயமும் ஒட்டப்பட்டன. 1940 மார்ச்சில் மூவண்ணக் கேடயத்தை நீக்கச் சொல்லி ஆணை வந்தது. 1943 ஆகஸ்டில் கழுகும் நின்றது. அப்படியானால் மடிக்காத விளிம்புள்ள 1942 மாதிரியில் தரைப்படையின் மூவண்ணக் கேடயம் இருந்தால் அதை ஆலை ஒட்டியிருக்க வழியில்லை. 1940 மாதிரியில் இருந்தால், அந்த ஆண்டின் சில மாதங்களுக்குள் அது செய்யப்பட்டிருக்க வேண்டும். கூடும்தான், ஆனால் மற்றச் சான்றுகளும் அதே மாதங்களைச் சொல்ல வேண்டும். ஒரு லென்ஸ்கூட இல்லாமல், தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு கழிக்கக்கூடிய போலிகள் ஏராளம்.

இனி கவசத்தைத் திருப்பிப் பிடியுங்கள். உள்விளிம்பில், பெரும்பாலும் இடப்பக்கத்தில், ஆலையின் குறியெழுத்தும் அளவும் எஃகில் பதிந்திருக்கும். இ.டி. என்றால் தாலே, கியூ என்றால் எஸ்லிங்கன் நகரின் குவிஸ்ட் ஆலை, என்.எஸ். என்றால் ஷ்வெர்ட்டே, எஸ்.இ. என்றால் லௌட்டர், இ.எஃப். என்றால் ஃபுல்டா. பின்னாளில் தாலே சி.கே.எல். என்றும் லௌட்டர் எச்.கே.பி. என்றும் மறைகுறியீட்டுக்கு மாறின. பின்புற உள்பக்கத்தில் தொகுதி எண் இருக்கும். இந்த முத்திரைகள் பூச்சுக்கு முன்பே வெற்று எஃகில் அடிக்கப்பட்டவை. எனவே பூச்சு எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிப் படிந்திருக்க வேண்டும். பூச்சை உடைத்துக்கொண்டு எழுத்து இறங்கியிருந்தால், ஓரத்தில் பூச்சு சிதறியிருந்தால், முத்திரை பின்னால் வந்தது.

எஃகின் அளவுக்கும் உள்ளுறையின் அளவுக்கும் உறவு உண்டு. 1931-இல் வடிவமைத்த உள்ளுறை, உலோகப் பட்டையில் தோலை இழுத்துக் கட்டி, நாக்குபோன்ற மடல்களின் நுனிகளைச் சுருக்குக் கயிற்றால் கோத்தது. 64 அளவுள்ள எஃகுக்கு 56 அல்லது 57 அளவு உள்ளுறை பொருந்தும். 66 அளவுக்கு 58 அல்லது 59. இரண்டு எண்களும் பட்டையில் பதிந்திருக்கும். எஃகில் 66 என்றும் பட்டையில் 64 என்றும் இருந்தால் உள்ளுறை வேறொரு கவசத்திலிருந்து வந்தது. பட்டையின் உலோகமும் பேசும்: தொடக்கத்தில் அலுமினியம், அலுமினியம் விமானங்களுக்குத் தேவைப்பட்டபின் துத்தநாகப் பூச்சிட்ட எஃகு.

உள்ளுறையை எஃகோடு பிணைப்பவை மூன்று பிளவு ஆணிகள். வெளியிலிருந்து செருகி, உள்ளே இரு கால்களையும் விரித்து மடித்துவிடுவார்கள். புதிய சேகரிப்பாளர்கள் இந்த ஆணிகளுக்குப் போதிய கவனம் தருவதில்லை. நான் முதலில் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான். மெல்லிய உலோகத்தை மடித்து, நிமிர்த்தி, மீண்டும் மடித்தால் அதே இடத்தில் களைப்பு விரிசல் தோன்றும். எண்பது ஆண்டுகளாக அசையாத ஆணியின் கால்கள் பட்டையில் தம் வடிவத்தை அச்சாகப் பதித்திருக்கும். அந்த அச்சும் காலும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்க வேண்டும். ஆலையில் கவசத்துக்குப் பூச்சடித்து உலர்த்திய பிறகே உள்ளுறையைப் பொருத்தினார்கள். ஆணித்தலைகளுக்குத் தனிப் பூச்சு. அதனால் ஆலைப் பூச்சு ஆணித்தலைக்கு அடியிலும் தொடரும். போர்முனையில் வீரன் தன் கவசத்துக்கு உருமறைப்பு வண்ணம் பூசியிருந்தால், ஆணியைக் கழற்றிக்கொண்டிருக்க மாட்டான். வண்ணம் ஆணித்தலையின்மேல் ஏறி, அதன் ஓரத்தில் தேங்கி உலர்ந்திருக்கும். நார்மண்டிக் கவசம் என்று பெருவிலைக்கு வரும் மூவண்ண உருமறைப்புக் கவசத்தில் அந்த வண்ணம் ஆணித்தலைக்கு அடியில் வழுவழுவென்று பரவியிருந்தால், யாரோ கவசத்தைப் பிரித்து வைத்து நிதானமாகப் பூசியிருக்கிறார்கள்.

சின்னத்துக்கு வருவோம். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். முப்பது மடங்கு என்றால் இன்னும் நல்லது. அக்காலத்து ஒட்டுப்படங்களில் ஒவ்வொரு நிறமும் இடைவெளியில்லாத படலமாகப் படிந்திருக்கும். இன்றைய கணினி அச்சில் நிறம் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். புள்ளி தெரிந்தால் அங்கேயே முடிவு. ஆனால் நல்ல போலிகள் பழைய முறையிலேயே அச்சிடப்படுகின்றன. அங்கே வடிவம் உதவும். ஒவ்வொரு கவச ஆலையும் தான் வழக்கமாக வாங்கும் அச்சகத்தின் படங்களையே ஒட்டியது. ஆகவே தாலே கழுகின் சிறகு வேறு, குவிஸ்ட் கழுகின் சிறகு வேறு. அலகின் வளைவும் காலின் நகமும்கூட மாறும். குவிஸ்ட் முத்திரையுள்ள எஃகில் தாலே கழுகு உட்கார்ந்திருந்தால் விளக்கம் தேவை. இந்த வேறுபாடுகளைக் கண்ணுக்குப் பழக்க மாதங்கள் ஆகும், குறுக்குவழி இல்லை.

பழைய ஒட்டுப்படத்தின்மேல் இருக்கும் தெளிந்த அரக்குப் படலம் காற்றோடும் ஒளியோடும் வினைபுரிந்து மஞ்சளாகும். அதனால் வெள்ளிக் கழுகு மெல்லப் பொன்னிறத்துக்குத் திரும்பும். படலம் சுருங்கும்போது விரிசல் விழும். அடியில் இருக்கும் பூச்சின் மேடு பள்ளங்களை அந்த விரிசல்கள் பின்தொடரும். 1940-க்குப் பிறகு ஜெர்மானியர் பளபளப்பைத் தவிர்க்க மணல்போல் சொரசொரப்பான பூச்சுக்கு மாறினார்கள்; அதன்மேல் ஒட்டிய படம் முதலில் அந்த மணிகளின் உச்சியில்தான் தேயும். போலிக்காரர் தேய்ப்புத்தாளை எடுக்கும்போதும் உச்சிதான் முதலில் தேயும் என்பது உண்மை. ஆனால் தாள் ஒரே திசையில் இணைகோடுகளை விட்டுச்செல்லும். உயிருள்ள தேய்மானத்துக்குத் திசை கிடையாது. கை படும் விளிம்பு, தரையில் வைக்கும் உச்சி, வார் உரசும் பக்கம் ஆகியவை அதிகமும், மற்றவை குறைவுமாகத் தேய்ந்திருக்கும். சின்னம் மட்டும் நலிந்து சுற்றியுள்ள பூச்சு புதிதாகத் தோன்றினாலும், பூச்சு நலிந்து சின்னம் மட்டும் முழுதாக இருந்தாலும் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே வாழ்க்கை வாழ்ந்தவை.

சிலர் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் சின்னத்தைத் துடைத்துப் பார்க்கச் சொல்வார்கள்: கரைந்தால் போலி, நின்றால் அசல் என்று. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நைட்ரோசெல்லுலோஸ் அரக்குகள் போருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை. அசிட்டோனில் நன்றாகக் கரைபவை. இன்றைய இருபொருள் எப்பாக்சிப் பூச்சோ அசிட்டோனுக்கு எளிதில் அசையாது. அசலை அழித்து, போலியைத் தேர்ச்சிபெறச் செய்யும் சோதனை அது.

புறஊதா விளக்கு மேலானது; பொருளைத் தொடுவதில்லை. துணியையும் தாளையும் வெண்மையாகக் காட்டும் ஒளியூட்டிச் சாயங்கள் 1940-களில்தான் தொழிலுக்கு வந்தன, போருக்குப் பிறகே பரவின. உள்ளுறையின் தையல்நூலோ சுருக்குக் கயிறோ புறஊதாவில் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது பிற்காலத்தது என்பது பொதுவிதி. ஆனால் விதிக்கு ஓர் ஓட்டை உண்டு. அதே சாயங்கள் இன்றைய சலவைத்தூளிலும் இருக்கின்றன. அசல் கயிற்றை யாரோ வீட்டில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிராத நூல் அசல் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒளியூட்டி சேர்க்காத பருத்தி நூல் இன்றும் கிடைக்கிறது. பாலியெஸ்டர் நூல் என்று உறுதியானால் மட்டும் தயங்க வேண்டாம்: 1941-இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட இழை, ஜெர்மானியப் படைக் கவசத்தில் இருந்திருக்க முடியாது.

துரு இன்னும் நுட்பமான சாட்சி. ஈரக் காற்றில் எஃகின்மேல் முதலில் தோன்றும் ஆரஞ்சு நிறத் துருவில் லெபிடோகுரோசைட் என்ற கனிமம் மிகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது நிலையான, பழுப்பான கோதைட்டாக மாறும். உலோகத்தை ஒட்டிக் கறுத்த மேக்னடைட் படியும். துருவை அவசரமாக வரவழைக்கப் போலிக்காரர்கள் உப்புநீரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பயன்படுத்துவார்கள். குளோரைடு மிகுந்த இடத்தில் அகாகனைட் என்ற வேறொரு கனிமம் உருவாகும். இவற்றை ராமன் நிறமாலைமானி, மாதிரி வெட்டாமலேயே பிரித்துக் காட்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல், இன்று துருவின் வகையையும் வண்ணத்தின் வகையையும் கண்டறியும் அன்றாடக் கருவியாகிவிட்டது. இங்கேயும் எச்சரிக்கை தேவை. அட்லாண்டிக் கரையோர மணலில் கிடந்த அசல் கவசத்திலும் அகாகனைட் இருக்கும். விற்பவர் "பவேரியக் குடும்பத்தின் பரணில் இருந்தது" என்று சொல்லி, துருவோ உப்பைச் சொன்னால், அப்போதுதான் முரண்பாடு.

வெள்ளைப் பனிக்கால உருமறைப்புக்கும் இதே கருவி உதவும். டைட்டானியம் வெள்ளையின் ருட்டைல் வடிவம் வணிகத்தில் காலூன்றியது 1940-களில். அதற்கு முந்தைய டைட்டானியம் வெள்ளை அனடேஸ் வடிவம். போர்முனை வீரன் கையில் கிடைத்தது பெரும்பாலும் சுண்ணாம்போ, துத்தநாகமோ பேரியமோ கலந்த மலிவான வெள்ளையோதான். ரஷ்யப் பனியில் பூசியது என்று சொல்லப்படும் பூச்சு முழுக்க ருட்டைலாக இருந்தால் பெரும் சந்தேகம்.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைப் பற்றிச் சேகரிப்பாளரிடையே மிகைப்பட்ட நம்பிக்கை உண்டு. அது எந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும், வயதைச் சொல்லாது. அதன் கதிர் சின்னத்தையும் அடிப்பூச்சையும் எஃகையும் ஊடுருவி, மூன்றையும் கலந்தே பதில் தரும். எண்கள் அச்சிட்ட சான்றிதழ் ஒன்றை நீட்டினால், எந்த அசல் கவசங்களோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். ஒப்பீடு இல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை.

ஒரே ஒரு சோதனை வயதையே நேராகத் தொடுகிறது: கதிரியக்கக் கரிமம். வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் 1950-களின் நடுவிலிருந்து காற்றின் கரிமம்-14 ஏறி, 1963-ஐ ஒட்டி வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ இரட்டிப்பானது. அதற்குப் பிறகு மேய்ந்த விலங்கின் தோலிலும், விளைந்த பருத்தியிலும் அந்த ஏற்றம் பதிந்திருக்கிறது. 1938 என்று முத்திரையுள்ள உள்ளுறைத் தோலில் அது தெரிந்தால் வாதத்துக்கே இடமில்லை. எஃகின் கதிரியக்கத்தை அளக்கலாமே என்றும் கேட்பார்கள். 1945-க்குப் பிறகு உருக்கிய எஃகில் அந்தத் தடயம் ஏறியது உண்மை. ஸ்கேப்பா ஃப்ளோவில் 1919-இல் மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மானியக் கப்பல்களின் எஃகை நுண்ணளவைக் கருவிகளுக்காகத் தேடி எடுத்ததும் அதனால்தான். ஆனால் தடயத்தின் முக்கியப் பங்கான கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. ஒரு கவசத்துக்கு இந்த வழி நடைமுறைக்கு உதவாது. மேலும் முன்பே சொன்னதுபோல், கைதேர்ந்த போலிக்காரரின் எஃகு பெரும்பாலும் அசலே.

தோல் கவசமான பிக்கெல்ஹௌபேயில் ஏமாற்று வேறு வகை. அங்கே பாகங்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஒரு படைப்பிரிவின் கவசத்தில் அரிதான இன்னொரு பிரிவின் முகப்புத் தகட்டை மாட்டினால் விலை ஏறும். தகட்டின் பின்புற வளையங்கள் தோலின் துளைகளில் நுழைகின்றன. தகடு மாறினால் துளையின் இடமும் மாறும். ஆகவே உள்ளிருந்து துளைகளை எண்ணுங்கள். பயனில்லாத துளை ஒன்று இருந்தால் கேள்வி கேளுங்கள். வலப்பக்கப் பொத்தானுக்கு அடியில் கறுப்பு-வெள்ளை-சிவப்பு வட்டச் சின்னம் வந்தது 1897-இல். இடப்பக்கம் அந்தந்த நாட்டின் நிறம், பவேரியா என்றால் வெள்ளையும் நீலமும். பித்தளை வேதியியலும் உதவும்: தோலின் கொழுப்பமிலங்கள் செம்போடு மெல்ல வினைபுரிந்து, தகடு தோலைத் தொடும் ஓரங்களில் பச்சைக் களிம்பு மெழுகுபோல் திரளும். அது பல ஆண்டு அண்டையிருப்பின் விளைவு. பித்தளை முழுக்கச் சீராகப் பச்சையாக இருந்தால் அது அமிலத்தின் வேலை. போரின் முதல் ஆண்டிலேயே தோலுக்குத் தட்டுப்பாடு வர, கம்பளியிலும் தகரத்திலும் மாற்றுக் கவசங்கள் செய்தார்கள்; அவற்றைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை. பொருந்தாமை எல்லாம் மோசடி அன்று. 1916, 1918 மாதிரி எஃகுகளுக்கு 1931 உள்ளுறையைப் பொருத்தி, புதிய பூச்சும் சின்னமும் இட்டு ஜெர்மானியப் படையே மீண்டும் வழங்கியது. அப்படிப்பட்ட கவசத்தில் இருபது ஆண்டு இடைவெளியுள்ள அடுக்குகள் நேர்மையாகவே இருக்கும். உச்சியில் பழைய பூச்சின் சாயல் புதியதற்கு அடியில் தெரியும். மூவண்ணக் கேடயத்தை நீக்கச் சொன்னபோது சிலர் சுரண்டினார்கள், சிலர் மேலே பூசினார்கள். பூச்சுக்கு அடியில் கேடயத்தின் வரம்பு சாய்ந்த ஒளியில் மேடாகத் தெரிவது நல்ல அறிகுறி. அடுக்குகளின் வரிசை படையின் வரலாற்று வரிசையோடு ஒத்துப்போனால் போதும்.

ஆனால் வேறொரு நாட்டின் கவசத்தை ஜெர்மானியக் கவசமாக்கி விற்பது மோசடிதான். ஹங்கேரியின் 1938 மாதிரி, ஜெர்மானியக் கவசத்தின் நெருங்கிய நகல். பின்புறம் ஒரு வளையம் ஆணியடிக்கப்பட்டிருக்கும். வளையத்தைக் கழற்றி, துளையை அடைத்து, கழுகு ஒட்டினால் அவசரக் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் கைவிளக்கைக் கவசத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் அடைத்த துளை வட்டமாகத் துலங்கும்.

விற்பவர்கள் கவசத்தோடு ஒரு கதையும் தருவார்கள்: தாத்தா நார்மண்டியிலிருந்து கொண்டுவந்தார், பண்ணை வீட்டில் கிடைத்தது. கதையை வாங்காதே, கவசத்தை வாங்கு என்பது இந்தத் துறையின் பழைய அறிவுரை. முற்றிலும் சரி. கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சோதிக்க முடியாது, அடுக்கைச் சோதிக்க முடியும்.

விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கிழக்குப் போர்முனை நிலங்களிலிருந்தும் வெர்டன் காடுகளிலிருந்தும் தோண்டி எடுத்த கவசங்கள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் சில, இறந்தவனின் தலையருகே கிடந்தவை. 1919-இல் தொடங்கப்பட்ட ஜெர்மானியப் போர்க்கல்லறைப் பராமரிப்பு அமைப்பு, இன்னும் உடல்களைத் தேடி அடையாளம் கண்டு புதைத்து வருகிறது. அடையாளத் தகட்டையும் கவசத்தையும் யாரோ திருட்டுத்தனமாக எடுத்து விற்றுவிட்டால், அந்த எலும்புகளுக்குப் பெயர் கிடைக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. பிரான்சில் அனுமதியின்றி உலோகக் கருவியால் தொல்பொருள் தேடுவது சட்டவிரோதம். வெடிக்காத குண்டுகள் இன்றும் அந்த மண்ணில் உயிரோடு இருக்கின்றன. எங்கிருந்து, யார் அனுமதியோடு தோண்டியது என்று சொல்ல முடியாத கவசத்தை வாங்காதீர்கள்.

எஸ்.எஸ். சின்னமுள்ள கவசத்தைத் தேடி ஓடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அதை அணிந்தவர்கள் வதைமுகாம்களை நடத்திய அமைப்பினர். ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86அ பிரிவில் அதன் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடைசெய்து, ஆய்வு, கல்வி போன்ற சில நோக்கங்களுக்கு மட்டும் வழிவிட்டிருக்கிறது. அறிவியல் காரணமும் உண்டு. மிக அதிகமாகப் போலி செய்யப்படுவது அந்தச் சின்னம்தான். பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே அதில் பிரிந்து நிற்கிறார்கள். அசல்கள் குறைவு, போலிகள் மிகுதி என்னும்போது, கவனமான சோதனையில் தேறிய ஒன்றும் போலியாக இருக்கும் வாய்ப்பு உயர்ந்தே நிற்கும்.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை, சின்னமில்லாத 1942 மாதிரி. 1943 ஆகஸ்டுக்குப் பின் ஆலையிலிருந்து அப்படித்தான் அவை வந்தன. போலி செய்து லாபம் காண அதில் அதிகம் இல்லை. முத்திரையும் உள்ளுறையும் ஆணிகளும் பொருந்திய ஒன்றை வாங்கி, கழுவாமல், எண்ணெய் பூசாமல், ஆணிகளைக் கழற்றாமல், ஈரமில்லாத இடத்தில் வைத்து, லென்ஸோடு ஓர் ஆண்டு படியுங்கள். அடுத்த கவசத்தை அதற்குப் பிறகு வாங்குங்கள்.